மூன்றாம் ஓலையும் பாரிஸ் படங்களும்

அந்தப் படங்கள் விற்பனைக்கு இல்லை, தம்பி. நாற்காலி வேண்டுமா, எடுங்கள். தேக்கு அலமாரி வேண்டுமா, பின்பக்கம் வரிசையாக நிற்கிறது. ஒயிட் டவுனில் லாட்ஜ் திறக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். நீங்களும் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் 'சாராயக்கடையில் ஒரு படம் பார்த்தேன், கறிக்கடையில் ஒன்று பார்த்தேன், விசாரித்தால் உங்கள் பேரைச் சொல்கிறார்கள், மொத்தமாக என்ன விலை' என்று கேட்கிறீர்களே, அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்.

எங்கே மாட்டுவீர்கள்? ஏசி ரூமிலா? மேலே சின்ன லைட்டு வேறு போடுவீர்களா? அதற்குத்தான் தர மாட்டேன் என்கிறேன். அவன் படம் ஏசியில் தொங்கக் கூடாது. ஈ மொய்க்கிற இடத்தில்தான் தொங்க வேண்டும்.

அவன் யாரா? உட்காருங்கள், சொல்கிறேன். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஒட்டு. இதில் உட்காருங்கள்.

என் பேர் பெர்னதெத். 'பிரான்சு சாமான் பெர்னா' என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரன் மீட்டர் போடாமலே கொண்டுவந்து விடுவான். ஒரு கோணிப்பையோடு தொடங்கினவள் நான். பழைய இரும்பு, ஈயம், பாட்டில். இன்றைக்கு இந்த வீதியில் மூன்று கடை என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார். 'சொல்தா வீடு' என்போம். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருநாள் பெட்டி கட்டுவார்கள், பிரான்சுக்கு. கட்டிலையும் ஊஞ்சலையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியுமா? என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டோடு எடுப்பேன். துடைப்பம் வரைக்கும் எடுப்பேன். உள்ளே போனதும் சாமானைப் பார்க்கவே மாட்டேன். 'டிக்கெட் எந்தத் தேதிக்கு?' என்பேன். தேதி தெரிந்துவிட்டால் பேரம் பாதி முடிந்தது. முதல் நாள் அவர்கள் சொல்வது விலை, கடைசி நாள் நான் சொல்வது விலை. அவ்வளவுதான் என் படிப்பு. மீதியெல்லாம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டது. முதல் அடி கொடுத்தவன் அந்தப் படக்காரன்.

அப்போது அவன் பேர் சூசைநாதன். போர்டு எழுதுகிறவன். 'உள்ளே வரவும்', 'கடன் அன்பை முறிக்கும்', 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'. அந்த மாதிரி. கை நன்றாக ஓடும், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அவனுக்கும் பேசி முடித்தார்கள். பேசி முடித்தார்கள் என்றால், நாங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டோம், பெரியவர்கள் வந்து வெற்றிலை மாற்றினார்கள்.

உங்கள் நெற்றியில் திருநீறு இருக்கிறது, அதனால் உங்களுக்கு ஓலை என்றால் தெரிந்திருக்காது. எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் எழுந்து, இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கவும் என்பார். முதல் ஓலை வாசித்தார்கள். தெருவே சிரித்தது. இரண்டாம் ஓலை வாசித்தார்கள். எங்கள் அம்மா பலகாரத்துக்கு மாவு இடிக்கக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் ஞாயிறு அம்மா பட்டு கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் பக்கத்தில். சாமியார் எழுந்தார். வேறு யாரோ ஜோடியின் பேரை வாசித்தார். உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பேர் வரவில்லை.

அது என்ன என்று உங்களுக்குப் புரிகிறதா, தம்பி? கல்யாணம் நின்றுபோனால் நின்றுபோனது. ஊரில் எத்தனை கல்யாணம் நிற்கவில்லை? ஆனால் ஓலை பாதியில் நின்றால் அர்த்தம் வேறு. யாரோ போய்த் 'தடை' சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன தடை? ஆம்பிளையின் மேலே எவனும் தேட மாட்டான். என் மேலேதான் தேடினார்கள். ஒருத்தி எனக்கு வியாதி என்றாள். ஒருத்தி மில்லில் மேஸ்திரியோடு பார்த்தேன் என்றாள். நான் மில் வாசலை மிதித்ததே கிடையாது. யாராவது நேரில் கேட்டார்களா? கேட்டிருந்தால் செவுளில் ஒன்று விட்டு அங்கேயே முடித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. யாரும் பெண் கேட்டும் வரவில்லை. அம்மா அந்த மாவைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாள்.

உண்மை என்ன தெரியுமா? அந்த வாரத்தில் ஒரு சொல்தா வீட்டில் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். கிறிஸ்தீன் என்று ஒரு பெண். கட்டிக்கொண்டால் குடியுரிமைக் காகிதம் கிடைக்கும், பாரிஸ் போகலாம். இவன் சாமியாரிடம் போய் என் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் பங்குக் கோயிலில் ஓலை கொடுத்துவிட்டான். தடை எதுவும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனானா? இல்லை. வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறினான். நான் இங்கே கோணிப்பையோடு தெருத்தெருவாக நடந்தேன்.

இது நடந்து எத்தனையோ காலம். மறந்துவிட்டீர்களா என்று கேட்காதீர்கள். நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை, அதுதான் என் தொழில்.

போன மழைக்காலம் முடிந்து ஒரு நோட்டீஸ் வந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் படக் கண்காட்சி. 'காதல் நகரம் பாரிஸ். ஓவியர் ஜோசெஃப் நாத்தான்.' கீழே ஒரு போட்டோ. சூசை பாரிஸ் போனால் ஜோசெஃப் ஆகிவிடுவான், தலை நரைத்துவிடும், ஆனால் மூக்கு எங்கே போகும்? அந்த மூக்கு எனக்குத் தெரியாதா?

காதல் நகரமாம். காதலுக்கு இவன் நகரம் காட்டுகிறான்.

போகாமல் விடுவேனா? பேசுவதற்கு வார்த்தை எல்லாம் தயார் செய்தேன். கடையில் விற்காமல் கிடக்கிற நிலைக்கண்ணாடி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று சொல்லிப் பார்த்தேன். 'சபையோர்களே, இந்த மனுஷனுக்கு ஒரு தடை இருக்கிறது' என்று ஆரம்பித்து, கடைசியில் அவன் தலை குனிகிற வரைக்கும். நல்ல பேச்சு. கல்லுக்கும் கண்ணீர் வரும். பட்டு கட்டினேன். இருக்கிற நகையில் பாதி போட்டேன். பாதியே போதும்.

வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கழற்றவில்லை. அவன் சாமானுக்கு என்ன மரியாதை?

உள்ளே இருபதுக்கு மேல் படம். எல்லாம் பாரிஸ். ஒரு இரும்புக் கோபுரம், அதைப் பார்த்ததும் எத்தனை டன் தேறும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மழையில் குடையோடு ஜோடி. ஆற்றங்கரையில் முத்தம் கொடுக்கிற ஜோடி. ஒரு பாலம் முழுக்கப் பூட்டு. காதலர்கள் பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் போட்டுவிடுவார்களாம், பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் உருகி உருகிச் சொன்னாள். சாவி இல்லாத பூட்டை நான் இரும்பு விலைக்குத்தான் எடுப்பேன் என்றேன். அவள் தள்ளிப் போய்விட்டாள்.

அவன் வந்தான். என்னை நேராகப் பார்த்தான். "வாங்க மதாம், பாருங்க மதாம்" என்றான். அவ்வளவுதான். ஒரு கண் சிமிட்டல்? ஒரு திடுக்கிடல்? ஒன்றும் கிடையாது. என்னைத் தெரியவே இல்லை, தம்பி. என் வாழ்க்கையை நட்டாற்றில் விட்டவனுக்கு என் முகம் தெரியவில்லை. அந்த இடத்திலேயே அவன் மண்டையில் ஒரு சட்டத்தை இறக்கியிருப்பேன். நல்ல பர்மா தேக்குச் சட்டம், மனசு வரவில்லை.

வாட்ச்மேனைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஐயாவுக்கு டிக்கெட் என்னிக்குப்பா?" என்றேன். "நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிடுவாரும்மா" என்றான். அப்பாடா. தேதி கிடைத்துவிட்டது.

பிறகு நாற்காலி போட்டுக் கூட்டம். ஒரு வெள்ளைக்காரர் பிரெஞ்சில் பேசினார். ஒரு பேராசிரியர் தமிழில் பேசினார், அதற்குப் பிரெஞ்சே தேவலாம். கடைசியில் மைக் பிடித்த பெண், "யாராவது ஏதாவது சொல்ல விரும்பினா எழுந்து சொல்லலாம்" என்றாள்.

எழுந்தேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அன்றைக்குக் கோயிலில் திரும்பின மாதிரியே. அவன் மேடையில் நின்று என்னையே பார்க்கிறான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மூடியைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"எல்லாம் சேர்த்து என்ன விலை?" என்றேன்.

சிரிக்காதீர்கள். அது ஒரு தந்திரம். பேச்சு என்ன பேச்சு, யாரும் பேசலாம். அப்படித்தான் அந்த நேரத்தில் முடிவு செய்தேன்.

அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். "எல்லாமேவா மதாம்?" என்றான்.

"பிரிச்சு வாங்குற பழக்கம் எனக்குக் கிடையாது. வீட்டோட எடுப்பேன்."

ஒரு விலை சொன்னான். பாதிக்குப் பாதி கேட்டேன். "இது கலை அம்மா" என்று பேராசிரியர் குறுக்கே வந்தார். "உங்களுக்கு விக்கலை, உக்காருங்க" என்றேன். வெள்ளைக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் இன்னும் இறங்கினேன். "நாளைக்கு இதையெல்லாம் எங்க தூக்கிட்டுப் போவீங்க?" என்று ஒரு போடு போட்டேன். அவன் தலையாட்டினான். "சரி மதாம். நீங்க சொன்னதே விலை."

எங்கள் தொழிலில் டக்கென்று ஒத்துக்கொள்கிறவன் ஒன்று ஏமாளி, இல்லாவிட்டால் சாமானை நம் தலையில் கட்டுவதென்று முன்பே தீர்மானித்தவன். இவன் ஏமாளி.

ஒன்றே ஒன்று கேட்டான். "படங்களைக் குடோன்ல போட்டுப் பூட்டிடாதீங்க. நாலு பேர் பார்க்குற இடத்துல மாட்டுங்க."

"மாட்டுறேன். கட்டாயம் மாட்டுறேன்" என்றேன். மனசுக்குள் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து என் வேலை அதுதான். பாரிஸை ஊரில் எங்கெங்கே நாறுகிறதோ அங்கெல்லாம் மாட்டினேன். நூர்தீன் பாய் கறிக்கடைக்குக் கோபுரத்தைக் கொண்டுபோனேன். "உருவம் இருக்கிற படம் கடையில மாட்ட மாட்டோமே" என்றார். "உருவமே இல்லை பாய், வெறும் இரும்புதான்" என்றேன். தொடைக்கும் விலாவுக்கும் நடுவில் ஆணி அடித்தார். முத்தம் கொடுக்கிற ஜோடி கட்டணக் கழிப்பறையில் டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மேலே. குடை ஜோடி பஞ்சர் கடையில். பூட்டுப் பாலம் கலியமூர்த்தியின் சாராயக்கடையில், ஊறுகாய்த் தட்டுக்கு நேர் மேலே. ஒவ்வொரு ஆணிக்கும் எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. ஒரு சுத்தியல் அடி, ஒரு ஏப்பம். நல்ல பழிவாங்கலுக்குச் சாப்பாடே வேண்டாம், தம்பி.

கறி வாங்க வருகிறவர்கள் கோபுரத்தோடு போட்டோ எடுக்கிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். எடுக்கட்டும். கறியோடுதானே எடுக்கிறார்கள்?

பத்து நாள் கழித்துக் கலியமூர்த்தி வந்தான். "அக்கா, அந்தப் படக்காரர் தினம் கடைக்கு வர்றாரு. ஒரு கிளாஸ் வாங்கிட்டுப் படத்துக்கு எதிர்ல உக்காந்துக்கிறாரு. பக்கத்துல இருக்கிறவன் இது எந்த ஊரு பாலம்னு கேட்டா கதை சொல்றாரு. வாடகை சைக்கிள்ல எல்லாக் கடைக்கும் ஒரு சுத்து போறாராம்."

"ஊருக்குப் போகலையா அவன்? அழறானா?"

"சிரிக்கிறாருக்கா. ஹால்ல வந்தவன் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்தானாம், இங்க வர்றவன்தான் படத்தைப் பார்க்கிறானாம்."

"குடிச்சா சில பேருக்கு அழுகையே சிரிப்பு மாதிரிதான் இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்வது. சாராயக்காரனுக்கு மனுஷ முகம் படிக்கத் தெரியுமா?

அதற்கு அடுத்த வாரம் அவனே இங்கே வந்தான். மத்தியானம். இதே இடத்தில், நீங்கள் கால் வைத்திருக்கிற இடத்தில் நின்றான். இந்தத் தடவை 'மதாம்' என்கிற பேச்சே இல்லை.

"எல்லாத்தையும் பார்த்துட்டேன் பெர்னா. கக்கூஸ்ல மாட்டுனதுதான் நல்ல வெளிச்சம்."

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம என்ன?"

"எப்பலேருந்து?"

"நீ செருப்போட உள்ள வந்தப்பலேருந்து."

பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருந்தது. தூக்கினேன். கும்பகோணத்து வார்ப்பு, வைத்துவிட்டேன். சீனா ஜாடியைத் தூக்கினேன், அதை வாங்க ஒருத்தர் சொல்லி வைத்திருக்கிறார். கடைசியில் பிளாஸ்டிக் குவளைதான் கிடைத்தது. எறிந்தேன். மூக்கில் பட்டது. கொஞ்சம் தண்ணீரும் இருந்தது அதில்.

அவன் துடைத்துக்கொண்டான். "நீ எந்திரிச்சே. வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லப் போறே, சபை நடுவுல கேட்டுக்கணும்னு நின்னேன். எவ்வளவு வேணா கேட்டுக்கணும்னு நின்னேன். நீ விலை கேட்டே. கேட்ட விலைக்குக் குடுத்தேன்."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "பாட்டில் தண்ணியைக் குடிக்காம பிடிச்சுட்டு நின்னியே, உனக்கு என்னைத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்பவே நினைச்சேன்" என்றேன். நினைக்கவில்லை. வாய்க்கு வந்தது.

"கிறிஸ்தீன் எங்க?"

"பத்து வருஷத்துல போயிட்டா."

"செத்துட்டாளா?"

"இல்லை. போயிட்டா."

"அங்க என்ன கிழிச்சே?"

"ஆஸ்பத்திரியில துணி வெளுத்தேன். ஞாயித்துக்கிழமை வரைஞ்சேன்."

அந்தப் 'போயிட்டா' காதில் தேன் மாதிரி விழுந்தது. 'துணி வெளுத்தேன்' அதைவிட. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொன்னான்.

"திரும்பிப் போற டிக்கெட் என்னிக்கு?" என்றேன்.

"எந்த டிக்கெட்? ஹாலைத்தான் காலி பண்ணினேன். இங்கதான் இருக்கேன், கோயில் பின்னால ஒரு ரூம்ல."

பாருங்கள் தம்பி, தேதியே இல்லாத ஒருத்தனிடம் தேதியை வைத்துப் பேரம் பேசியிருக்கிறேன். என் தொழிலில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது. அதையும் சேர்த்து அவன் கணக்கில் எழுதி வைத்தேன்.

"உனக்கு என்ன வேணும் பெர்னா?" என்றான்.

இந்தத் தடவை வாய் தடுமாறவில்லை. "மூணாம் ஓலை" என்றேன். "அன்னிக்கு நீ தடை ஒண்ணும் இல்லைன்னு சொல்லாமப் போனே. இப்பச் சொல்லு. கோயில் வாசல்ல, பூசை முடிஞ்சு ஜனம் வெளிய வர்றப்ப, நின்னு சொல்லு."

"சொல்றேன்."

"ஒரு நாள் இல்லை. மூணு ஞாயிறு."

"ஒரு ஞாயிறு போதாதா? எல்லாரும் கேக்கப் போறாங்க."

"மூணு. குறையாது."

"எனக்கு முட்டி வலி. படியில உக்காந்து சொல்லலாமா?"

"நின்னு."

"சரி" என்றான். மறுபடியும் டக்கென்று. இந்த ஆளுக்குப் பேரம் என்றால் என்னவென்றே தெரியாது.

முதல் ஞாயிறு நான் எதிர்ப்பக்கம் மெழுகுவர்த்திக் கடையில் நின்றேன். ஜனம் வெளியே வருகிறது. இவன் படியில் நின்று, போர்டு எழுதுகிறவன் குரல் இப்படி இருக்குமா என்கிற மாதிரி, கணீரென்று சொன்னான். "என் பேரு சூசைநாதன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால இந்தக் கோயில்ல எனக்கும் பெர்னதெத்துக்கும் ரெண்டு ஓலை வாசிச்சாங்க. மூணாவதை நிறுத்தினது நான். பிரான்சுக் காகிதத்துக்கு ஆசைப்பட்டு நிறுத்தினேன். அந்தப் பொண்ணு மேல யாரும் எந்தத் தடையும் சொல்லலை. சொல்ல ஒண்ணும் இல்லை."

பாதிப் பேருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது, எல்லாம் புது ஆட்கள். ஆனால் கிழங்களுக்குத் தெரிந்தது. மில் மேஸ்திரிக் கதை கட்டினாளே, சின்னராணி, அவள் தடியை ஊன்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். "எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள்.

"அப்பவே தெரிஞ்சா அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றேன். கையை உதறினேன். விழுந்துவிடுவாள் என்று திரும்பப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு கூட்டம் அதிகம். விஷயம் பரவிவிட்டது. நூர்தீன் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். இவன் அதே வார்த்தையைச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. புதுச் சாமியார், சின்ன வயசு, வெளியே வந்து, "போதும் ஐயா, எல்லாரும் கேட்டாச்சு, வீட்டுக்குப் போங்க" என்றார். இவன், "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சாமி" என்றான்.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லத்தான் ஆசை.

மூன்றாம் ஞாயிறு நான் போகவில்லை.

ஏனா? வேண்டுமென்றேதான். அவன் நிற்கட்டும். நான் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து எதிர்பார்த்த மாதிரி அவனும் எதிர்பார்க்கட்டும். இதைவிட ஒரு பழி உண்டா? காலையிலேயே குளித்தேன், பட்டு கட்டினேன், பூ வைத்தேன். அது சும்மா, ஞாயிற்றுக்கிழமை என்பதால். பிறகு இந்த ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோயில் மணி இங்கே வரைக்கும் கேட்கும். கேட்டது. பூசை முடிந்த மணியும் கேட்டது. விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடக் கூடாது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு உறுதி எனக்கு.

பாய்தான் வந்து சொன்னார். "மதாம், அவரு வாயைத் திறக்கலை. ஜனமெல்லாம் நிக்குது, சொல்லுங்க சொல்லுங்கங்குது. 'அவங்க வரட்டும்'னுட்டாரு. வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் ரோட்டையே பார்த்துட்டு நின்னாரு. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு."

"உக்காந்தானா?"

"உக்காரலை."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஜெயித்துவிட்டேன், தம்பி. முழு ஜெயம். அவன் வாசித்திருந்தால் கதை முடிந்திருக்கும், அவன் பாட்டுக்குக் கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பான். இப்போது அவன் போக முடியாது. மூன்றாவது அவனிடமே நிற்கிறது.

போன ஞாயிறும் வந்து நின்றானாம். யார் வரச் சொன்னார்கள்? மூன்று என்றுதான் பேச்சு. நான் நாலு கேட்கவில்லை. வந்து, நின்று, ரோட்டைப் பார்த்துவிட்டு, போயிருக்கிறான். நான் இங்கேதான் இருந்தேன். பட்டு கட்டிக்கொண்டு.

வருகிற ஞாயிறு மழை வரும் என்கிறார்கள். மழையில் அந்த முட்டியை வைத்துக்கொண்டு எவன் வருவான்? வர மாட்டான். வந்தால் பைத்தியக்காரன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, வருவானா?

சும்மாதான் கேட்கிறேன். நான் போகப் போவதில்லை.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பீர்களா? இருந்தால் பூசை முடிகிற நேரத்துக்குக் கோயில் பக்கமாக ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பேச வேண்டாம், நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். குடை வைத்திருக்கிறானா என்று மட்டும் பார்த்துவிட்டு நேரே இங்கே வாருங்கள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து உள்ளே வந்துவிடுங்கள். படம் விஷயம் அப்புறம் பேசலாம். விலை எல்லாம் பார்த்துச் செய்துகொள்ளலாம்.